இடைநிலை ஆசிரியர் ஊதிய முரண்பாடு: 3,170 ரூபாய் எங்கிருந்து வந்தது?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, இரண்டு இடைநிலை ஆசிரியர்கள். 31.5.2009-ல் பணியில் இருந்தவருக்கு அடிப்படை ஊதியம் 8,370. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரு நாளில் எப்படி இவ்வளவு வித்தியாசம்?

பதில் 1: பழைய ஊதிய விகிதம் 4500-125-7000 (தொடக்கம் 4,500, ஆண்டு உயர்வு 125, உச்சம் 7,000). ஆறாவது ஊதியக் குழுவை அமல்படுத்திய அரசாணை 234 (1.6.2009) பணியில் இருந்தவர்களுக்கு 4,500-ஐ 1.86-ஆல் பெருக்கியது: 8,370. தர ஊதியம் (பதவி நிலைக்கேற்ப அடிப்படை ஊதியத்தோடு சேரும் தொகை, grade pay) 2,800 சேர்த்தால் 11,170. புதியவருக்கு 5200-20200 என்ற விகிதத்தின் அடிமட்டம் மட்டுமே: 5,200 + 2,800 = 8,000. இடைவெளி 3,170.

பதில் 2: கோளாறு அங்கேதான். மத்திய அரசு 2008 விதிகளில் நேரடி நியமனத்துக்கென்று தனி அட்டவணை போட்டது. 2,800 தர ஊதியத்துக்குத் தொடக்க ஊதியம் 8,560. தமிழ்நாட்டு அரசாணையில் அந்த அட்டவணை இல்லை. அதனால் கோரிக்கை மனுவில் 'ஊதியத்தை உயர்த்துங்கள்' என்று பொதுவாக எழுதாதீர்கள். 'தொடக்க ஊதியத்தை 8,370 என நிர்ணயிக்க வேண்டும்' என்று கேளுங்கள். மத்திய அரசின் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கான 9300-34800, தர ஊதியம் 4,200 வேறு கோரிக்கை. இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் நிதித்துறை பெரிய செலவைக் காட்டி இரண்டையும் தள்ளிவிடும்.

பதில் 3: ஏழாவது ஊதியக் குழு இந்த இடைவெளியை மூடவில்லை, பெருக்கியது. 8,000-ஐ 2.57-ஆல் பெருக்கினால் 20,560. அதுதான் 20,600 ஆனது. 3,170-ஐயும் அப்படியே பெருக்கிப் பாருங்கள்: 8,147. அகவிலைப்படி அதற்கு மேல். ஒவ்வொரு முறை அகவிலைப்படி உயரும்போதும் 1.6.2009 முதல் சேர்ந்தவர் இழப்பதும் கூடுகிறது. இது அநியாயம்.