ஜப்பானியக் கையெறி குண்டுகள்: வகை எண்ணும் ஆண்டும் ஒத்துவரவில்லை, உதவுங்கள்

கேள்வி:
ஜப்பான் தரைப்படையின் பழைய கையெறி குண்டுகள் எப்படி வடிவம் மாறின என்று ஒரு கட்டுரைக்காகக் குறிப்பு எடுக்கிறேன். 4, 10, 91, 97, 99 என்று ஐந்து வகை கிடைத்தன. எக்செல்லில் அடுக்கினால் 4 முதலில் வருகிறது. அது சுட்ட மண்ணில் செய்த பீங்கான் குண்டு, மற்றவை இரும்பு. மண்ணில் தொடங்கி இரும்புக்குப் போனார்களா? எண்ணை ஜப்பானிய அரச ஆண்டின் (முதல் மன்னர் பட்டமேறியதாகச் சொல்லும் கி.மு. 660-இலிருந்து எண்ணுவது) கடைசி இலக்கங்களாக எடுத்து 660 கழித்தேன். 2591, 2597, 2599 மூன்றும் 1931, 1937, 1939 என்று சரியாக வந்தன. 10-ஐ 2510 என்று வைத்தால் 1850! சாமுராய் காலத்துக்கே போய்விட்டது. எங்கே தப்பு?

பதில் 1:
10 அரச ஆண்டே இல்லை, தைஷோ மன்னரின் 10-ஆம் ஆண்டு. தைஷோ ஆட்சியின் முதல் ஆண்டு 1912, ஆகவே பத்தாவது 1921. உங்கள் பட்டியலில் மூத்தது அதுதான். அதற்கும் முன்னால், 1904-05 ரஷ்ய-ஜப்பானியப் போரின் போர்ட் ஆர்தர் முற்றுகையில், காலி டின்னிலும் மூங்கிலிலும் ஜப்பானிய வீரர்களே கைவேலையாகக் குண்டு செய்து எறிந்திருக்கிறார்கள்.

பதில் 2:
4 தான் உங்களைக் கவிழ்த்தது. அது 2604, அதாவது 1944. இரும்புத் தட்டுப்பாட்டில் குயவர் சூளைகளிடம் போனார்கள். மண்ணிலிருந்து இரும்புக்கு அல்ல, இரும்பிலிருந்து மண்ணுக்கு. 2600 வந்ததும் எண் மறுபடி சுழியத்திலிருந்து ஓடுகிறது. கடற்படையின் ஜீரோ விமானத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இப்படித்தான். தரைப்படை மட்டும் அந்த ஆண்டை 100 என்று எழுதியது. தலைவலிதான்.

கேட்டவர்:
அடடா, என் முடிவுரையே தலைகீழ்! சரி, எது எந்தக் கணக்கு என்று பெயரைப் பார்த்தே தெரியுமா?

பதில் 2:
ஜப்பானியப் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். ‘ஜூநென் ஷிகி’ என்றால் பத்தாம் ஆண்டு வகை. ‘நென்’ என்பது ஆண்டு. ‘க்யூஇச்சி ஷிகி’யில் நென் இல்லை, ஒன்பது-ஒன்று என்று இலக்கம் இலக்கமாகச் சொல்கிறார்கள். நென் இருந்தால் மன்னராட்சி ஆண்டு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்: 38 ரகத் துப்பாக்கியில் நென் கிடையாது, ஆனாலும் அது மெய்ஜி 38, 1905.

கேட்டவர்:
அப்புறம் இன்னொன்று. 91, 97 படங்கள் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. இரண்டிலும் சாக்லேட் பார் போலக் கட்டம் கட்டமான உடல்.

பதில் 1:
அடியைப் பாருங்கள். 91-ஐக் கையாலும் எறியலாம், குண்டு எறியும் சிறு குழாயிலும் வைத்துச் சுடலாம். அதற்கு அடியில் உந்து மருந்துள்ள ஒரு கிண்ணத்தைத் திருகி மாட்ட இடம் இருக்கும். 97 கைக்கு மட்டும், அடியில் அந்த ஏற்பாடு இல்லை. 99 குழப்பாது, உடல் வழவழப்பானது. அலாஸ்காவை ஒட்டிய கிஸ்கா தீவில் கண்டெடுத்ததால் அமெரிக்கர்கள் அதைக் ‘கிஸ்கா’ என்றே கூப்பிட்டார்கள்.

பதில் 3:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். கையில் நிஜப் பொருள் இருந்தால் அடியைப் பார்க்கிறேன் என்று புரட்டிவிடாதீர்கள். துருப்பிடித்தாலும் வெடிக்கும். தொடாமல் விலகிப் போய்க் காவல்துறையிடம் சொல்லுங்கள்.

கேட்டவர்:
இல்லை சார், எல்லாம் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று எடுத்த படங்கள்தான். பட்டியலை மாற்றிவிட்டேன்: 10, 91, 97, 99, 4. ஆனால் ஒரு படத்திலும் அடிப்பாகம் விழவில்லை. இன்னொரு நடை போய், குனிந்து எடுத்துவிட்டு வருகிறேன்.