காத்மாண்டுவில் ஒரே நாள்: காலையில் எவரெஸ்ட் விமானம், மாலைக்குள் ஊர் சுற்றல், முடியுமா?

நங்கநல்லூர் மகள்:
அப்பா, அம்மா, பையனோடு டிசம்பர் கடைசியில் காத்மாண்டு போகிறோம். அரையாண்டு லீவில்தான் எனக்கும் ஆபீஸில் விடுவார்கள். அப்பாவுக்கு 71 வயது. எவரெஸ்ட்டை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவுக்குப் பசுபதிநாதர்.

சென்னையிலிருந்து தில்லி மாறி வியாழன் ராத்திரி போய்ச் சேர்கிறோம். வெள்ளி முழுக்கக் கையில் இருக்கிறது. அன்று ராத்திரியே தில்லி திரும்பலாம் என்று எண்ணம், அந்த டிக்கெட் மட்டும் இன்னும் போடவில்லை. என் திட்டம்: 6:30 மலை விமானம் (எவரெஸ்ட் பக்கம் போய்ச் சிகரங்களைக் காட்டிவிட்டுக் காத்மாண்டுவுக்கே திரும்புவது), 8 மணிக்கு ஓட்டலில் டிபன், 9:30 குன்றின்மேல் இருக்கும் ஸ்வயம்புநாத் ஸ்தூபி, 11:30 பழைய அரண்மனை ஊரான பாடன், சாப்பாடு, 2 மணிக்கு அதே மாதிரி ஊரான பக்தபூர், 4 மணிக்குப் பசுபதிநாதர், அப்படியே ஏர்போர்ட். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. இது நடக்குமா? மலை விமானத்தில் எந்தப் பக்கம் உட்கார வேண்டும்? முக்திநாத்தையும் சேர்க்க முடியுமா என்று அம்மா கேட்கிறாள்.

ஜன்னலோரம்:
திரும்பும் டிக்கெட் போடாதது நல்லதாய்ப் போயிற்று. அதைச் சனிக்கிழமை மதியத்துக்குப் போடுங்கள். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

காரணம் மூடுபனி. காத்மாண்டு சுற்றிலும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர்ந்த காற்று அடியில் தங்கி, விடியும்போது ஓடுதளம் தெரியாத அளவுக்கு மூடிக்கொள்ளும். போகி அன்று காலை மீனம்பாக்கத்தில் விமானங்கள் காத்துக் கிடக்குமே, அந்த மாதிரிதான், ஆனால் அங்கே அது மாதக்கணக்கில் வரும். மேலே வானம் பளிச்சென்று இருக்கும், சிகரங்களும் தெளிவாக நிற்கும், கீழே விமானம் கிளம்ப முடியாது. வெயில் ஏறினால்தான் கலையும். 6:30 விமானம் ஒன்பது, பத்து மணிக்குப் புறப்படுவது அங்கே சாதாரணம். அதனால் அதை நேரம் குறித்த நிகழ்ச்சியாக வைத்து, அதன்மேல் மற்றவற்றை அடுக்காதீர்கள். வெள்ளி நடக்காவிட்டால் சனி காலை இருக்கிறது என்று ஒரு மாற்று இருக்கட்டும். வானிலையால் ரத்தானால் மறுநாள் இடமா, பணமா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

விமானம் முடிந்ததும் ஓட்டலுக்குத் திரும்ப வேண்டாம். பசுபதிநாதர் கோயில் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டிபனைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு, இறங்கியதும் நேரே தரிசனத்துக்குப் போய்விடுங்கள். 4 மணி என்று நீங்கள் வைத்திருப்பது சரிவராது, மதியத்தில் சன்னதி சாத்தி மாலையில்தான் திறப்பார்கள். காலையில் போனால் நான்கு வாசல் வழியாகவும் லிங்கத்தின் நான்கு முகங்களையும் அம்மா தரிசிக்கலாம். பூஜை செய்யும் பட்டர்கள் கர்நாடகத்திலிருந்து போன மரபு. தோல் பெல்ட், தோல் பர்ஸ் உள்ளே கூடாது, அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

அங்கிருந்து போதநாத் ஸ்தூபி கிட்டத்தில். சமதளம், பிரதட்சிணமாக நிதானமாகச் சுற்றலாம், சுற்றிலும் உட்கார்ந்து சாப்பிட இடங்கள். அதற்கப்புறம் நேரம் இருந்தால் பாடன். 1637-ல் சித்தி நரசிம்ம மல்லர் கட்டிய கிருஷ்ணர் கோயில் முழுக்கக் கல். செங்கல்லும் மரமுமாகப் பார்த்து வந்த கண்ணுக்கு அது நம் ஊர்க்காரர்களை நிற்க வைத்துவிடும். பக்தபூரை எடுத்துவிடுங்கள். அதற்கு அரை நாளாவது வேண்டும், ஓட்டமாய்ப் பார்க்கிற ஊர் இல்லை.

இப்போது அப்பாவுக்கு. விமானம் காத்மாண்டுவிலிருந்து கிழக்கே போகும், போகும்போது மலைகள் இடப்பக்கம், திரும்பும்போது வலப்பக்கம். ஜன்னல் இருக்கைகளை மட்டுமே விற்பார்கள், அதனால் எந்தப் பக்கம் கிடைத்தாலும் நஷ்டமில்லை. எவரெஸ்ட் சட்டென்று பிடிபடாது. நுப்ட்சே, லோட்சே என்ற நீண்ட வெள்ளைச் சுவருக்குப் பின்னால் கறுத்த கூம்பாக நிற்பதுதான் அது. காற்று பனியைத் துடைத்துவிடுவதால் அந்தக் கறுப்பு. மலை விமானமாக ஓடுவது ஏ.டி.ஆர் என்ற விசிறி வைத்த சின்ன விமானங்கள், அவை 25,000 அடிக்கு மேல் ஏறுவதில்லை. சிகரமோ 8,848.86 மீட்டர், அதாவது 29,000 அடிக்கு மேல். பறந்துகொண்டே ஒரு மலையை அண்ணாந்து பார்க்கப் போகிறார் உங்கள் அப்பா!

அதற்கு முன்பே இரட்டை முகடாக கௌரிசங்கர் வரும், 7,134 மீட்டர். அம்மாவுக்கு அதைக் கட்டாயம் காட்டுங்கள். நேபாளக் கடிகாரம் நம்மைவிட 15 நிமிஷம் முன்னால் ஓடுவதும் அந்த மலையின் தீர்க்கரேகையை வைத்துத்தான்.

மேற்கு மாம்பலம்:
ஜன்னலோரம் சார் சொன்னதில் ஒன்று மட்டும் மாற்றுவேன். பாடனுக்குப் பதில் ஸ்வயம்புநாத். பள்ளத்தாக்கு மொத்தமும் அங்கிருந்துதான் தெரியும். கிழக்குப் பக்கம் 365 படி, அம்மாவுக்கு வேண்டவே வேண்டாம். கார் மேற்கு வாசல் வரை போகும், அங்கே படி குறைவு. டிரைவரிடம் காலையிலேயே "மேற்கு வாசல்" என்று சொல்லிவிடுங்கள். குரங்குகள் அதிகம், கையில் பை, பழம் எதுவும் தெரிய வைத்திருக்காதீர்கள்.

ஏ.டி.ஆர் விமானத்தில் ஏறுவது சுலபம், பின்பக்கம் அதிலேயே சின்னப் படிக்கட்டு. இறக்கை மேலே இருப்பதால் கீழே மறைக்காது, ஆனால் முன்வரிசைகளுக்கு எஞ்சினும் விசிறியும் குறுக்கே வரும். பின்வரிசை கேளுங்கள்.

திருவான்மியூர் 41:
பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கையில் இருக்க வேண்டும், விசா தேவையில்லை. ஆதாரை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். பையனுக்கும் பாஸ்போர்ட் இருந்தால் நிம்மதி. ரூபாயை 100 தாள்களாக எடுத்துப் போங்கள், நம் 100-க்கு அங்கே 160.

முக்திநாத் பற்றி: அது திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் திவ்யதேசம், அம்மா கேட்பது நியாயம்தான். ஆனால் அது நேபாளத்தின் வடக்கே முஸ்தாங் மாவட்டத்தில், 3,700 மீட்டருக்கு மேல். பொக்காரா போய், அங்கிருந்து சின்ன விமானத்திலோ ரோட்டிலோ ஜோம்சோம் போய், மறுபடி மலையேற வேண்டும். மதியமானால் காற்று பலமாகிவிடும் என்பதால் அந்த விமானங்கள் காலையில் மட்டும். 71 வயதில் அந்த உயரத்துக்கு டாக்டரைக் கேட்காமல் கூட்டிப் போகாதீர்கள். அதைத் தனிப் பயணமாக வையுங்கள். டிசம்பர் வேண்டாம், தீபாவளியை ஒட்டி வானமும் தெளிவு, குளிரும் தாங்கும்.

நங்கநல்லூர் மகள்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனி மதியத்துக்கே டிக்கெட் போடுகிறேன். வெள்ளி: மலை விமானம், பசுபதிநாதர், போதநாத், அம்மாவின் கால் ஒத்துழைத்தால் மேற்கு வாசல் வழியாக ஸ்வயம்பு. பக்தபூர் இல்லை. விமானம் தாமதமானால் ஸ்வயம்புவை விட்டுவிடுவோம், தரிசனத்தை விட மாட்டோம். தில்லி திரும்பும் விமானத்திலும் மலை தெரியுமா?

ஜன்னலோரம்:
தெரியும். தில்லிக்கு வரும்போது வலப்பக்க ஜன்னல். மேற்கே தவுளகிரி சிகரம் வரை கண்ணுக்குக் கிடைக்கலாம். நான்கு பேருக்கும் அந்தப் பக்கமே வரிசையாக முன்பின் போட்டுவிடுங்கள், இடம் இப்போதே தேர்ந்தெடுத்தால்தான் கிடைக்கும்.