கோலா கொட்டிய லேப்டாப்: கீயெல்லாம் ஒட்டுகிறது, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

காகிதக்கப்பல்:

போனிலிருந்து தட்டுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளைக்கு முன் லேப்டாப் மேல் அரை டம்ளர் கோலா கொட்டிவிட்டது. கொட்டிவிட்டது என்ன, என் முழங்கைதான் தட்டிவிட்டது. அவசரமாக ஒரு ஃபைலை அனுப்ப வேண்டியிருந்ததால் துணியால் துடைத்துவிட்டு இன்னும் கால் மணி நேரம் வேலை பார்த்தேன் (திட்டுங்கள், பரவாயில்லை), அப்புறம்தான் அணைத்துக் கவிழ்த்து வைத்தேன். மறுநாள் எல்லா கீயும் ஒழுங்காக வேலை செய்தது, தப்பித்தோம் என்று நினைத்தேன். நேற்று முதல் எஃப், ஜி, வி மூன்றும் அழுத்தினால் உள்ளேயே உட்கார்ந்துகொண்டு மெதுவாக எழுந்து வருகின்றன. ஸ்பேஸ் பாரும் ஒரு பக்கம் கனமாக இருக்கிறது.

நான் தமிழ்99 என்கிற தமிழ் கீபோர்டு அமைப்பில் தட்டுபவன். எஃப் கீயில்தான் புள்ளி. "அம்மா", "வந்த" எல்லாம் தானாகவே புள்ளி வைத்துக்கொள்கிறது, ஆனால் "கேட்டேன்" என்று அடித்தால் "கேட்டேன" என்று நிற்கிறது, இல்லையென்றால் புள்ளியாகக் கொட்டுகிறது. இணையத்தில் "ஸ்டிக்கி கீஸ்" என்று தேடினால், ஷிஃப்ட்டை ஐந்து முறை அழுத்தினால் வருமே, அந்த விண்டோஸ் வசதியை அணைப்பது எப்படி என்றுதான் பக்கம் பக்கமாக வருகிறது. கீகேப்பை, அதாவது கீயின் மேல்மூடியை, கழற்றலாமா? கழற்றினால் திரும்ப மாட்ட வருமா?

நள்ளிரவுநிரலர்:

99% ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வாங்கி அந்த மூன்று கீ மேலேயும் ஊற்றி, இருபது முப்பது தடவை அழுத்திவிடுங்கள். ஆல்கஹால் தானாகக் காய்ந்துவிடும், வேலை முடிந்தது. அதுவரை அவசரத்துக்கு விண்டோஸ் கீ, கண்ட்ரோல், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையிலேயே கீபோர்டு வரும். யூஎஸ்பி கீபோர்டு இருந்தால் இன்னும் நல்லது.

மழைக்குருவி:

ஒரு நாள் அரிசிக்குள் புதைத்து வைத்துப் பாருங்களேன், என் போன் தண்ணீரில் விழுந்தபோது அப்படித்தான் பிழைத்தது.

பழுதுமேசை:

அரிசி வேண்டாம் தங்கச்சி. உங்கள் போன் அரிசியால் பிழைக்கவில்லை, ஒரு நாள் முழுக்க அதை யாரும் ஆன் செய்யாமல் விட்டதால் பிழைத்தது. அரிசி ஈரத்தை உறிஞ்சுவதைவிட அதன் மாவும் தூசியும் ஓட்டைகளுக்குள் போவதுதான் அதிகம். அதோடு இவருக்கு இப்போது ஈரம் பிரச்சினையே இல்லை. தண்ணீர் எப்போதோ போய்விட்டது, சர்க்கரை மட்டும் தங்கிவிட்டது. மறுநாள் நன்றாக இருந்து மூன்றாம் நாள் ஒட்டுவதற்கும் அதுதான் காரணம். கோலாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாக ஆவியாக மிச்சம் பாகாகிக் கெட்டிப்படும்.

நள்ளிரவுநிரலர் சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இதை நான் சொல்லும்போதெல்லாம் யாராவது சண்டைக்கு வருவார்கள், வரட்டும். சர்க்கரை தண்ணீரில் கரையும், சுத்தமான ஆல்கஹாலில் அநேகமாகக் கரையவே கரையாது. சந்தேகமிருந்தால் ஒரு மூடியில் 99% ஆல்கஹால் ஊற்றி நாலு சர்க்கரைப் பரல் போட்டுக் கிளறிப் பாருங்கள், அப்படியே கிடக்கும். அதை கீபோர்டில் ஊற்றினால் பாகு கரையாது, கொஞ்சம் இடம் மாறும், அவ்வளவுதான். 70% என்று எழுதியிருக்கும் பாட்டிலில் மீதி தண்ணீர் என்பதால் அது ஓரளவு கரைக்கும். நான் செய்வது, முதலில் தண்ணீர், அப்புறம் ஆல்கஹால். சர்க்கரையை எடுப்பது தண்ணீர். அந்தத் தண்ணீரைத் துரத்திச் சீக்கிரம் காயவைப்பதற்குத்தான் ஆல்கஹால். தண்ணீர் என்றால் காய்ச்சி வடித்த நீர், பேட்டரிக்கு ஊற்றுவார்களே அது. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு தங்கும்.

அதற்கு முன்னால் ஒன்றை வேறுபடுத்திப் பாருங்கள். கீ மெதுவாக எழுவது வேறு, நன்றாகத் துள்ளி எழுந்தும் எழுத்து வராமலிருப்பது வேறு. கீகேப்புக்குக் கீழே கத்தரி மாதிரிக் குறுக்காக மாட்டிய இரண்டு பிளாஸ்டிக் சட்டங்கள் இருக்கும், நடுவில் ஒரு சின்ன ரப்பர் குமிழ், அதற்கும் அடியில் மின்கோடுகள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்றாக. அதைத்தான் மெம்பிரேன் என்பார்கள். மெதுவாக எழுந்தால் பாகு அந்தச் சட்டங்களின் மூட்டில் இருக்கிறது, நம் கைக்கு எட்டும். எழுத்து வரவில்லை, அல்லது ஒன்றை அழுத்தினால் இரண்டு வருகிறது என்றால் பானம் மெம்பிரேன் தாள்களுக்கு நடுவில் போயிருக்கும், மேலே என்ன தேய்த்தாலும் போகாது, கீபோர்டையே மாற்ற வேண்டும். எங்கெங்கோ சிதறிக் கிடக்கும் நாலைந்து கீ ஒரே நேரத்தில் செத்துப்போனால் அதுவும் மெம்பிரேன்தான், ஏனென்றால் உள்ளே ஒரே கோட்டில் பல கீகள் இணைந்திருக்கும்.

உங்களுடையது பாதிக்குப் பாதி போலத் தெரிகிறது. புள்ளியாகக் கொட்டுவது கீ உள்ளேயே மாட்டிக்கொள்வதால்கூட இருக்கலாம். சுத்தம் செய்து பார்த்தால் தெரிந்துவிடும்.

அணைத்துவிட்டு, சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரி கழற்றக்கூடியதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்லீப்பில் போட்டால் போதாது. முதல் சுற்றில் கீகேப்பைக் கழற்றாதீர்கள். இயர்பட்ஸை (பஞ்சுக் குச்சி) அந்தக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்து (சொட்டக் கூடாது, முக்கியம்) கீயின் நாலு ஓரத்திலும் ஓட்டுங்கள், கீயை அழுத்தி அழுத்தி விடுங்கள், திரும்ப ஓட்டுங்கள். பஞ்சு பழுப்பாக வரும். பழுப்பு நிற்கும்வரை புதுப் பஞ்சு. அப்புறம் அதே வேலையை ஆல்கஹாலில். பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் வேண்டாம், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பிறகு ஒரு நாள் முழுக்கத் திறந்த கூடாரம் மாதிரிக் கவிழ்த்து வைத்துக் காயவிடுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம். சூட்டில் பிளாஸ்டிக் வளையும், ஈரத்தையும் அது உள்ளேதான் தள்ளும்.

கால் மணி நேரம் ஓட்டியதைப் பற்றித் திட்டவில்லை, ஆனால் அதுதான் எனக்குக் கவலை. ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டில் அரிப்பு வேகமாக நடக்கும், கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் வேறு. பேட்டரி திடீரென்று சீக்கிரம் இறங்குவது, பேட்டரி வீங்கி டச்பேட் மேலே தூக்கிக்கொள்வது போல ஏதாவது தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டுத் திறந்து பார்க்கக் கொடுங்கள்.

ஆறியகாபி:

பழுதுமேசை அண்ணன் சொன்னதோடு ஒன்று. கீகேப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்றால் முதலில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் மாடலுக்கு எந்தப் பக்கத்திலிருந்து தூக்குவது என்று வீடியோ பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு மாடலுக்கு மேல் ஓரம், இன்னொன்றுக்குக் கீழ் ஓரம். நான் அது தெரியாமல் வெண்ணெய்க் கத்தியை வைத்து நெம்பினேன், "டிக்" என்று ஒரு சத்தம், மீசை முடியளவு பிளாஸ்டிக் ஒன்று பறந்துபோய் எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. அந்தத் துளிதான் கீயைப் பிடித்திருந்த கொக்கி. எட்டு மாதமாக என்டர் இல்லாமல் வெறும் ரப்பர் குமிழைக் குத்திக்கொண்டிருக்கிறேன். நகம், அல்லது கிடார் வாசிக்கும் பிளாஸ்டிக் வில்லை போதும். ரப்பர் குமிழை மட்டும் இழுக்காதீர்கள், பெரும்பாலும் கீழே ஒட்டியிருக்கும், பிய்ந்தால் தீர்ந்தது.

கழற்றிய கேப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப் விட்டு ஊறப்போடலாம். அதில் மின்சாரம் எதுவும் இல்லையே.

நள்ளிரவுநிரலர்:

சர்க்கரைப் பரல் சோதனையைச் செய்து பார்த்தேன். அப்படியே கிடக்கிறது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் 99% என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், என்ன சொல்ல. பரிகாரமாக ஒரு யோசனை, ஏதாவது கீ தானாக அடித்துக்கொண்டே இருந்தால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் என்கிற விண்டோஸ் மென்பொருளில் கீபோர்டு மேனேஜர் இருக்கிறது, அந்த கீயை முடக்கலாம், இல்லை அதன் வேலையை வேறு கீக்கு மாற்றலாம். புள்ளியை வேறெங்காவது குடிவைக்கலாம்.

காகிதக்கப்பல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்தேன். எஃப், ஜி இரண்டும் கழற்றாமலே சரியாகிவிட்டன, பதினோரு இயர்பட்ஸ் ஆனது, முதல் நாலும் பீடிக் கறை மாதிரி. வி மட்டும் அடம்பிடித்தது. கடைசியில் அதைக் கழற்றினேன், உள்ளே கத்தரிச் சட்டத்தின் மூட்டில் பாகு கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது, கேப்பின் அடியில் ஒரு எறும்பும் அதோடு சேர்ந்து. ஊறவைத்து, துடைத்து, மாட்டியாயிற்று. ஒரு நாள் காயவிட்டு இப்போதுதான் ஆன் செய்தேன். புள்ளி ஒழுங்காக விழுகிறது.

ஆர்வக்கோளாறில் ஸ்பேஸ் பாரையும் கழற்றினேன். இப்போது அது எழுகிறது, ஆனால் இடது பக்கம் தட்டினால் கடகடவென்று ஆடுகிறது. கெடுத்துவிட்டேனா?

பழுதுமேசை:

கெடுக்கவில்லை. ஸ்பேஸ் பார், ஷிஃப்ட், என்டர் மாதிரி நீளமான கீகளுக்கு அடியில் ஒரு மெல்லிய கம்பி இருக்கும், கீ ஒரு பக்கமாகச் சாயாமல் இருக்க. அதன் இடது முனை கொக்கியில் உட்காரவில்லை. திரும்ப அணைத்துவிட்டு, கேப்பைத் தூக்கி, முதலில் கம்பியின் இரண்டு முனையையும் கீபோர்டில் இருக்கும் கொக்கிகளுக்குள் நுழைத்துவிட்டு அப்புறம் கேப்பை அழுத்துங்கள். கம்பியை வளைக்காதீர்கள்.

காகிதக்கப்பல்:

கொக்கிதான் அண்ணா. வலது மாட்டியிருந்தது, இடது வெளியே நின்றது. மாட்டிவிட்டேன், ஆட்டம் இல்லை. இதை அந்த கீபோர்டிலேதான் தட்டுகிறேன். டம்ளர் இப்போது ஜன்னல் திண்டில்.