காஸ்மிக் கதிரின் நிறை: உச்ச ஆழமா, மியூவான் எண்ணிக்கையா?

பாறைமேகம்:
2 எக்ஸா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு (எக்ஸா = 10^18) மேலே காஸ்மிக் கதிர்கள், அதாவது விண்வெளியிலிருந்து வரும் அணுக்கருக்கள், கனமாகிக்கொண்டே போகின்றன என்கிறது அர்ஜென்டினாவின் பியர் ஆஜர் ஆய்வகம். ஆதாரம், காற்றுப்பொழிவு (கதிர் காற்றில் மோதிக் கிளப்பும் துகள் மழை) உச்சம் தொடும் ஆழம்; கடந்து வந்த காற்றின் எடையால் அதை அளப்பார்கள். வரும் கருக்களின் வகை மாறாமல் இருந்தால், ஆற்றல் பத்து மடங்கு ஏறும்போது உச்சம் சுமார் 60 கிராம்/ச.செ.மீ. கீழே இறங்க வேண்டும். இறங்கியது 26 தான்; கனமான கரு மேலேயே உச்சம் தொடும் என்பதால் இது கனம் கூடுவதன் அடையாளம். ஆனால் மிக லேசான புரோட்டானுக்கும் கனமான இரும்புக் கருவுக்கும் மொத்த இடைவெளியே ஏறக்குறைய 100 கிராம். இந்த ஆழத்தை அளக்கும் ஒளிர்வுத் தொலைநோக்கி (பொழிவால் காற்று வெளியிடும் மங்கிய ஒளியைப் பார்ப்பது) ஓடுவதோ நிலவில்லாத தெளிந்த இரவுகளில், மொத்த நேரத்தில் 15% அளவுக்கு. பேசாமல் தரையில் மியூவானை (பொழிவில் வரும், எலக்ட்ரானின் கனமான உறவுத் துகள்) எண்ணலாமே?

துகள்வேட்டை:
இருங்க, மியூவானில் இடைவெளி எவ்வளவு? எண்ணிக்கை ஆற்றலின் 0.93 அடுக்கில் வளர்கிறது. இரும்பை, ஆளுக்கு 56-இல் ஒரு பங்கு ஆற்றலுள்ள 56 நியூக்ளியான்களாக (புரோட்டான், நியூட்ரான்) பாருங்க: 56^0.07 = 1.33. ஆக இரும்பு தருவது 33% கூடுதல், அவ்வளவுதான். ஆஜரின் 2016 ஆய்வில், 10 எக்ஸா அருகே அளந்த ஹாட்ரான் சமிக்ஞை (பெரும்பாலும் மியூவான்களால் வருவது) எபோஸ் என்ற கணினி மோதல் மாதிரி சொன்னதைப்போல் 1.33 மடங்கு, க்யூஜிஎஸ்ஜெட் என்ற இன்னொரு மாதிரி சொன்னதைப்போல் 1.61 மடங்கு. மாதிரியின் பிழையே முழு இடைவெளியையும் விழுங்கிவிடுகிறது. மாதிரியை நம்பினால் இரும்பைவிடக் கனமான கரு வருகிறது என்று எழுத வேண்டியதுதான் :)

பாறைமேகம்:
ஊட்டி கிரேப்ஸ்-3 குழு 560 ச.மீ. மியூவான் கருவியை வைத்துத்தானே புரோட்டான் நிறமாலையை (எந்த ஆற்றலில் எத்தனை புரோட்டான் என்பதை) பிரித்தெடுத்தது?

துகள்வேட்டை:
அது 50 டெரா (10^12) முதல் 1.3 பெட்டா (10^15) எலக்ட்ரான்வோல்ட் வரை. 1.3 பெட்டா புரோட்டான் மோதினால் நிறைமைய ஆற்றல் (மோதலுக்கு உண்மையில் கிடைக்கும் ஆற்றல்) 1.6 டெராதான், ஐரோப்பாவின் எல்எச்சி துகள் மோதுவி 13 டெராவைத் தொட்டாயிற்று. 10 எக்ஸாவில் அது 137 டெரா. அங்கே மாதிரி, சோதனையில் பார்க்காத இடத்துக்குப் போட்ட வெறும் நீட்டிப்பு.

பாறைமேகம்:
உச்ச ஆழமும் மாதிரியோடு ஒப்பிட்டுத்தானே நிறையாகிறது? காற்றுத் தூசி வேறு. பொழிவின் கீழ்ப்பகுதி ஒளி அதிகத் தூசியைக் கடந்து வருகிறது. தூசியைக் குறைத்து மதிப்பிட்டால் அந்த வால் மங்கித் தெரியும், உச்சம் மேலே ஏறும், புரோட்டான் கனமான கருவாக வேஷம் போடும்.

துகள்வேட்டை:
அதற்காகத்தான் களத்தின் நடுவிலிருந்து 355 நானோமீட்டர் லேசரைச் சுட்டு, மணிக்கொரு முறை தூசியை அளக்கிறார்கள். முறைசார் பிழை 10 கிராமுக்குள். சராசரி பிடிக்கவில்லையா, உச்ச ஆழம் பொழிவுக்குப் பொழிவு மாறும் சிதறலைப் பாருங்க: புரோட்டானுக்கு 60, இரும்புக்கு 20 சுற்றி. ஆற்றல் ஏற ஏற அதுவும் சுருங்குகிறது. எல்லாப் பொழிவையும் ஒரே பக்கம் நகர்த்தும் பிழை அகலத்தைச் சுருக்காது.

நீர்த்தொட்டி:
ரெண்டு பேரும் ஒன்றை விட்டுட்டீங்க. உச்ச ஆழம், தரைச் சமிக்ஞை இரண்டையும் ஒரே பொழிவில் அளந்து, ஒன்று ஏறும்போது மற்றது ஏறுகிறதா இறங்குகிறதா என்ற தொடர்பைப் பாருங்க. கனமான கரு மேலேயே உச்சம் தொடும், மியூவானையும் அதிகம் தரும். அதனால் லேசானதும் கனமானதும் கலந்த கலவை என்றால் தொடர்பு எதிர்மறை. தூய புரோட்டானுக்குச் சுழியை ஒட்டியோ சற்று நேர்மறையாகவோ வரும். 3 முதல் 10 எக்ஸா வரை ஆஜர் கண்டது −0.125. மொத்த மியூவான் எண்ணிக்கை தப்பானாலும் இது அசையாது.

பாறைமேகம்:
கலவை என்பதை ஏற்கிறேன். ஆனால் 10 எக்ஸா வரைக்கும்தான். அதற்கு மேலே?

நீர்த்தொட்டி:
அதற்குத்தான் ஆஜர் களத்தில் துகள்களை எண்ணும் 12 டன் தண்ணீர்த் தொட்டிகளின் தலையில் 3.8 ச.மீ. சிண்டிலேட்டர் தகடு (துகள் பட்டால் ஒளிர்வது) ஏற்றினார்கள். எலக்ட்ரானுக்கும் மியூவானுக்கும் தொட்டியும் தகடும் வேறு விகிதத்தில் சமிக்ஞை தருவதால் இரண்டு சமன்பாடு கிடைக்கிறது. 60 பாகைக்கு மேல் சாய்ந்த பொழிவில் தகடு உதவாது, அங்கே ரேடியோ ஆன்டெனாதான்.