கம்பனி வரியைக் குறைத்தால் வேலை பெருகுமா?

கணக்கப்பிள்ளை: வெள்ளவத்தையில் வீட்டுக்குள்ளேயே கட்சிச் சண்டை. 2019 கடைசியில் இலங்கையில் கோட்டாபய அரசு வற் எனும் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8க்கும், கம்பனி வரியை 28இலிருந்து 24க்கும் இறக்கியதே, அதை அப்படியே தொடர விட்டிருந்தால் வேலை குவிந்திருக்கும் என்கிறார் அத்தான். அவர் மொட்டு, அதாவது கோட்டாபயவின் கட்சி. மருமகன் திசைகாட்டி, அதாவது தேசிய மக்கள் சக்தி; அது முதலாளிமாருக்குக் கொடுத்த பரிசு என்கிறான். நான் புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். வற் இறங்கியபோது சாரிகளில் விலைச்சீட்டு அப்படியே தொங்கியது, புதிதாக ஒரு பையனையும் எடுக்கவில்லை. மற்றத் தொழில்களில் எப்படி?

தெகிவளையான்: 2020 மார்ச்சில் கொரோனா, ஊரடங்கு. அதற்குள் எந்தக் கம்பனி ஆள் எடுக்கும்? ஒரு கடையை வைத்து நாட்டை அளக்காதீர்கள் அண்ணை.

பேரேடு: சம்பளம் செலவில் கழிந்து, மிஞ்சும் இலாபத்துக்குத்தான் கம்பனி வரி. வியாபாரம் இல்லாமல் வரிக்குறைப்புக்காக மட்டும் யாரும் ஆள் எடுப்பதில்லை. மிஞ்சும் காசில் மெஷின் வாங்குவதா, பங்கிலாபம் பிரிப்பதா என்பது முதலாளி பாடு. அரசாங்கம் கேட்கவும் இல்லை.

தையல்காரி: ஏற்றுமதிக்குக் கம்பனி வரி 14 வீதமாக இருந்ததை 2022 ஒக்டோபரில் ஒரேயடியாக 30 ஆக்கினார்களே, அதை இரண்டு கட்சிக்காரரும் பேசமாட்டார்கள். ஆனால் நான் வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலையில் ஓவர்டைமை வெட்டியது வரியால் இல்லை, வெளிநாட்டு ஓடர் குறைந்ததால்.

கணக்கப்பிள்ளை: அத்தானுக்கு அனுப்பினேன். "30 ஆக்கச் சொன்னது ஐஎம்எப் (சர்வதேச நாணய நிதியம்) தானே" என்று பதில். சரி, ஓடரைப் பற்றி மூச்சே இல்லை.