மருந்து ஆய்வில் கையெழுத்துப் போடலாமா? (பெருங்குடல் புற்றுநோய், வேலூர்)

ஆம்பூரான்:
குடியாத்தத்தில் என் மாமா கைத்தறி லுங்கி நெய்பவர், வயது 58. பெருங்குடலில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்துவிட்டது. நெறிக்கட்டிக்கும் போயிருப்பதால் மூன்றாம் நிலை என்றார்கள். கீமோ தொடங்கும் முன் ஒரு மருந்து ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கீமோ, இன்னொரு பிரிவுக்கு அதோடு கூடுதலாக ஒரு மருந்து. யாருக்கு எது என்பது குலுக்கல் மாதிரி. நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "டாக்டரே கேட்கிறார், மறுத்தால் சரியாகப் பார்ப்பாரா" என்று அத்தைக்குப் பயம். என்னைப் பொறுத்தவரை இது பணமில்லாதவனைச் சோதனை எலியாக்குகிற வேலை. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

ஆரணிக்காரி:
தம்பி, புற்றுநோய் வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள் நான். முதலில் அத்தைக்குச் சொல்லுங்கள்: மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை அப்படியே நடந்தாக வேண்டும். சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். இதில் டாக்டரின் பெருந்தன்மை ஒன்றுமில்லை, நோயாளியின் உரிமை.

அப்புறம் எலிக் கதை. மாமாவுக்கு ஏற்றப் போகும் அந்த "வழக்கமான" கீமோ வானத்திலிருந்து விழுந்ததா? அதற்கு அடிப்படையான 5-எஃப்யூ 1957-ல் வந்த மருந்து. ஆபரேஷனுக்குப் பிறகு அது உயிரைக் காப்பாற்றுமா என்பது ரொம்ப காலம் தெளிவாகவே இல்லை. 1990-ல்தான் அமெரிக்காவில் மோர்டெல் குழுவினரின் ஆய்வு வந்தது. 5-எஃப்யூவோடு லெவமிசோல் கொடுத்தார்கள். ஆட்டுக்குப் பூச்சி மருந்தாகக் கொடுப்பார்களே, அதேதான். மூன்றாம் நிலைக்காரர்களிடம் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. லெவமிசோல் தேவையில்லை, 5-எஃப்யூவுக்குத் துணையாக லூகோவோரின் என்ற மருந்து போதும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. 2004-ல் மொசைக் ஆய்வு, 2246 பேர். ஆக்சாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தையும் சேர்த்ததில், நோய் திரும்பாமல் மூன்று வருஷம் கடந்தவர்கள் 72.9 சதவீதத்திலிருந்து 78.2 ஆனார்கள். இதில் கையெழுத்துப் போட்டவர்கள் எல்லோரும் எலிகளா?

ஆம்பூரான்:
ஜெயித்த கதையை மட்டும் சொல்கிறீர்கள், அக்கா. தோற்றதை நான் சொல்கிறேன். ஐரினோடீகான், பெவாசிசுமாப், செட்டுக்சிமாப் மூன்றும் நோய் உடம்பெல்லாம் பரவியவர்களுக்குப் பயன்பட்ட மருந்துகள். அங்கே வேலை செய்தது இங்கேயும் செய்யும் என்று ஆபரேஷன் ஆனவர்களிடம் சோதித்தார்கள். மூன்றும் தேறவில்லை. 2012-ல் வந்த செட்டுக்சிமாப் ஆய்வில், வெறும் கீமோ பெற்றவர்களில் நோய் திரும்பாமல் மூன்று வருஷம் கடந்தவர்கள் 74.6 சதவீதம். கூடுதல் மருந்து பெற்றவர்களில் 71.5தான். அதே வருஷம் வெளியான அவான்ட் ஆய்வில் பெவாசிசுமாப் பிரிவில் உயிரிழப்பு கூடுதலாக இருக்கலாம் என்றே எழுதினார்கள். "கூடுதலாக ஒரு மருந்து" என்றால் நல்லது என்று யார் சொன்னது? குலுக்கலில் அந்தப் பிரிவு விழுந்தவன் வீட்டில் போய் 78.2 சொல்லிப் பாருங்கள்.

காட்பாடிக்காரன்:
நீங்கள் சொன்ன உதாரணமே உங்களுக்கு எதிரான சாட்சி. அந்த ஆய்வுகள் நடக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "பரவினவர்களுக்கே வேலை செய்கிறது, உங்களுக்குக் கட்டாயம் செய்யும்" என்று சொல்லி, ஒவ்வொரு ஊசிக்கும் நிலத்தை விற்க வைத்து எல்லோருக்கும் போட்டிருப்பார்கள். குலுக்கல் நடந்ததால் பாதிப் பேர் தப்பினார்கள், அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரும் தப்பினார்கள். மாமாவும் அதில் ஒருவர்.

இன்னொன்று. ஆய்வு என்றாலே ஒருவனுக்கு மருந்து, ஒருவனுக்குச் சர்க்கரை மாத்திரை என்று ஊரில் நினைக்கிறார்கள். இந்தியாவும் பங்கெடுத்த அஸ்கோல்ட் ஆய்வில் போலி மாத்திரை இருந்தது உண்மை. ஆனால் இரண்டு பிரிவுக்கும் முறையான சிகிச்சை கிடைத்தது. அதற்கு மேல்தான் ஒருவருக்கு ஆஸ்பிரின், ஒருவருக்குப் போலி.

ஆம்பூரான்:
அந்த ஆஸ்பிரின் என்ன ஆனது? அதையும் சொல்லுங்கள்.

காட்பாடிக்காரன்:
தினமும் 200 மில்லிகிராம், மூன்று வருஷம். பொதுவாக எல்லோருக்கும் பலன் என்று நிரூபணம் ஆகவில்லை. ஆனால் 2025-ல் ஸ்வீடனிலும் பக்கத்து நாடுகளிலும் நடந்து முடிவு வெளியான அலாஸ்கா ஆய்வில், கட்டியில் பிஐ3கே (செல் வளர்ச்சியைத் தூண்டும் ஒரு பாதை) தொடர்பான மரபணு மாற்றம் இருந்தவர்களை மட்டும் எடுத்து 160 மில்லிகிராம் கொடுத்தார்கள். நோய் திரும்புவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சில ரூபாய் மாத்திரை, சார். யாருக்கு என்று கண்டுபிடிக்கத்தான் இத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

பாலாற்றங்கரை:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். மாமா நெசவாளி என்று ஆம்பூர் தம்பி முதல் வரியிலேயே எழுதியிருக்கிறார். ஆக்சாலிபிளாட்டின் விரலை மரக்க வைக்கும். பானைத் தண்ணீரைத் தொட்டாலே மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும். சிலருக்கு மருந்து நிறுத்தி வருஷக்கணக்கானாலும் போவதில்லை. அறுந்த இழையை விரலால் தேடி முடிச்சுப் போட முடியாதவன் தறியில் உட்கார்ந்து என்ன செய்வான்? எந்த மருந்து கம்பெனியும் இந்தக் கேள்வியைத் தானாகக் கேட்காது. மருந்தைக் கூட்டும் ஆய்வில் கம்பெனிக்கு லாபம், குறைக்கும் ஆய்வில் நஷ்டம்.

அப்படியும் ஒரு ஆய்வு குறைத்துப் பார்த்தது. ஐடியா என்று பெயர், ஆறு ஆய்வுகளைச் சேர்த்து 12,834 பேர், 2018-ல் வெளிவந்தது. ஆறு மாத கீமோவா, மூன்று மாதமா? நோய் திரும்பாமல் மூன்று வருஷம் கடந்தவர்கள் ஆறு மாதத்தில் 75.5 சதவீதம், மூன்று மாதத்தில் 74.6. விரல் மரத்துப் போவது ஓரளவுக்கு மேல் வந்தவர்கள், ஃபால்ஃபாக்ஸ் முறையில் (5-எஃப்யூ, லூகோவோரின், ஆக்சாலிபிளாட்டின் மூன்றும் சேர்ந்தது), ஆறு மாதத்தில் 47.7 சதவீதம், மூன்று மாதத்தில் 16.6. எனக்குத் தெரிந்து மருந்து ஆய்வுகளிலேயே நெசவாளிக்கு அதிகம் பயன்பட்டது இதுதான். அதில் ஜப்பான் இருந்தது, நாம் இல்லை. "எலியாக மாட்டேன்" என்று எல்லோரும் ஒதுங்கினால் நம் ஊர்க் கேள்வியை யார் கேட்பது, தம்பி?

ஆம்பூரான்:
ஐயா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் மாமா கையில் இருப்பது குறைக்கும் ஆய்வு இல்லையே, கூட்டும் ஆய்வு. படிவத்தைப் பற்றியும் யாரும் பேசவில்லை. 2009-ல் கம்மம் மாவட்டத்தில் எச்பிவி (கருப்பை வாய்ப் புற்றுநோய்) தடுப்பூசி ஆய்வில் பழங்குடிப் பிள்ளைகளுக்காக விடுதி வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்றக் குழுவே கண்டித்தது.

ஆரணிக்காரி:
அந்த ஆய்வில் சேர்ந்த சில பிள்ளைகள் இறந்ததற்குத் தடுப்பூசி காரணமில்லை என்றுதான் விசாரணையில் வந்தது. ஆனால் ஒப்புதல் வாங்கிய விதம் அயோக்கியத்தனம், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. 2013-ல் உச்ச நீதிமன்றம் பிடித்த பிடியில்தான் விதிகள் இறுகின. 2019 விதிகளின்படி ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த ஆய்வும் சிடிஆர்ஐ என்ற இந்திய மருந்து ஆய்வுப் பதிவேட்டில் இருக்க வேண்டும், இணையத்தில் யாரும் பார்க்கலாம். படிவம் தமிழில் வேண்டும், பிரதி உங்கள் கையில் வேண்டும். வார்டில் இருந்தபோது இங்கிலீஷ் தாளில் கைநாட்டு வாங்க வந்த ஒருவரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படிக்க விடவில்லை என்றால் சேரவே வேண்டாம்.

மருந்து இலவசம் என்பதற்காகவும் சேராதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் கீமோ கிடைக்கும்.

ஆம்பூரான்:
தமிழ்ப் படிவம்தான், கையில் இருக்கிறது. ரிப்போர்ட்டில் டி3, என்1 என்று போட்டிருக்கிறது. கட்டி குடலின் தசையைத் தாண்டியிருக்கிறது, ஒன்று முதல் மூன்று நெறிக்கட்டி வரை பரவியிருக்கிறது என்று அர்த்தமாம். இதற்கு மூன்று மாதம் போதுமா?

ஆரணிக்காரி:
ஐடியாவில் ஆபத்து குறைவு என்று பிரித்தது அந்த மாதிரி ஆட்களைத்தான். அதிலும் கேப்பாக்ஸ் முறையில், மாத்திரையும் ஊசியுமாகக் கொடுப்பதில், மூன்று மாதம் ஆறுக்குக் குறையவில்லை. டாக்டரிடம் இதைக் கேளுங்கள். ஆய்வில் சேர்ந்தாலும் மூன்று மாதத்தோடு நிறுத்தலாமா என்பதையும் கேளுங்கள். ஆறு மாதம் கட்டாயம் என்றால், நெய்கிறவர் மறுக்க அதுவே போதுமான காரணம்.

ஆம்பூரான்:
அதாவது மறுக்கலாம். இதைத்தானே நான் முதலிலிருந்து சொல்கிறேன்?

காட்பாடிக்காரன்:
இல்லை சார். நீங்கள் எலி என்றுதான் சொன்னீர்கள்.