5,10,510: காரணிகளின் கூட்டுத்தொகை இரண்டு விதமாக வருகிறது, எது சரி?

கொழிஞ்சாம்பாறை சித்தி:
அக்கா மகள் பள்ளிக் கணித மேளாவுக்கு நம்பர் சார்ட் செய்கிறாள். எடுத்திருக்கும் எண் 5,10,510. முதல் ஏழு பகா எண்களைப் பெருக்கினால் வருவது: 2 × 3 × 5 × 7 × 11 × 13 × 17. எக்செல்லில் 1 முதல் 700 வரை வகுத்துப் பார்த்து, மீதியில்லாமல் வகுபடும் எண்ணையும் அதன் ஜோடியையும் கூட்டினோம். 126 காரணிகள், கூட்டுத்தொகை 17,40,395. டீச்சர் சொன்ன வழியில், அதாவது (2+1)(3+1)(5+1) என்று 17 வரை பெருக்கினால் 17,41,824. சார்ட்டில் எதை எழுதுவது?

வேலந்தாவளம் மாஷ்:
டீச்சர் வழியே சரி. இந்த எண்ணில் ஏழு பகா எண்களும் ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. ஒரு காரணியை உண்டாக்க, ஏழில் ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். ஆக 2-ஐ ஏழு தடவை பெருக்கினால் 128 காரணிகள். உங்களிடம் 126தான், ஒரு ஜோடி விட்டுப்போயிருக்கிறது. அது எது என்பதையும் உங்கள் கணக்கே காட்டுகிறது. இரண்டு விடைகளுக்கும் வித்தியாசம் 1,429. கூட்டினால் 1,429, பெருக்கினால் 5,10,510 வரும் ஜோடி 714, 715. நம் எண்ணின் வர்க்கமூலம் சுமார் 714.5. 700-இல் நிறுத்தாமல் 714 வரை போங்கள்.

கொழிஞ்சாம்பாறை சித்தி:
சரியாக வந்துவிட்டது மாஷே, 128-ம் கிடைத்தது! இதை மிகையெண் என்று எழுதலாமா?

நகரிக்காரன்:
தாராளமாக எழுதலாம் அக்கா. தன்னைத் தவிர்த்த மற்ற காரணிகளைக் கூட்டினால் எண்ணைத் தாண்டினால் அது மிகையெண். பாதி 2,55,255, மூன்றில் ஒன்று 1,70,170, ஆறில் ஒன்று 85,085. இந்த மூன்று காரணிகளைக் கூட்டினாலே 5,10,510 வந்துவிடுகிறது. மேலே 1 என்ற காரணியும் இருக்கிறதே, அதைச் சேர்த்ததுமே எண்ணைத் தாண்டிவிடும். 6-ஐ விடப் பெரிய, 6-ஆல் வகுபடும் எந்த எண்ணுக்கும் இதே கதைதான்.

மாஷ் கண்டுபிடித்த அந்த ஜோடியைச் சார்ட்டின் நடுவில் போடச் சொல்லுங்கள், அவ்வளவு அழகு அது. 714 = 2 × 3 × 7 × 17, 715 = 5 × 11 × 13. பகா எண்களைக் கூட்டிப் பாருங்கள், இரண்டு பக்கமும் 29. அமெரிக்க பேஸ்பால் வீரர் பேப் ரூத் அடித்த ஹோம் ரன்கள் 714. ஹேங்க் ஆரோன் 1974 ஏப்ரலில் 715-ஆவதை அடித்து அதை முந்தினார். அந்தச் சமயத்தில்தான் கணிதவியலாளர் கார்ல் பொமரன்ஸும் அவருடன் இருந்தவர்களும் இந்தப் பொருத்தத்தைக் கவனித்து எழுதினார்கள். இப்படி அடுத்தடுத்து வரும் எண்களுக்கு ரூத்-ஆரோன் ஜோடி என்றே பெயர்.

வேலந்தாவளம் மாஷ்:
இடம் மிச்சம் இருந்தால் இதையும் சேருங்கள்: 13 × 21 × 34 × 55. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் பிபனாச்சி வரிசையில் அடுத்தடுத்து வரும் நான்கு எண்கள், பெருக்கினால் அதே 5,10,510. 21-இல் 3, 7, 34-இல் 2, 17, 55-இல் 5, 11, மீதி 13. குழந்தையையே பிரித்து எழுதச் சொல்லுங்கள், நடுவர் கேட்டால் அவளே விளக்குவாள்.